கூப்பு ரோட்டில் கேட்ட குலவை

அம்மன் சந்நிதியில கூடியிருக்கிற அக்கா தங்கச்சிமாருக்கும் பெரியவுகளுக்கும் என் கும்பிடு. எனக்கு மேடைப்பேச்சு வராது. பூசாரி அய்யாதான், "நடந்ததை நடந்தபடி சொல்லுங்க தாயி, அது போதும்"னு சொன்னாக. அந்தத் தைரியத்துல நிக்கேன்.

அறுபத்திரெண்டாம் வருஷம் சித்திரை மாசம். ஆள் அரவம் இல்லாத மலைக்காட்டுப் பாதையில என் வீட்டுக்காரவுக கவிழ்ந்த ஜீப்புக்கு அடியில கிடந்தாக. இடது கால் வண்டிக்கும் பாறைக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. பெட்ரோல் சொட்டுச் சொட்டா ஒழுகுது. வண்டியைத் தாங்கிக்கிட்டு இருந்தது ஒத்தை வேங்கை மரம். அந்த மரத்துக்கு அங்கிட்டு கிடுகிடு பள்ளம். நானும் என் நாத்தனா கோதையும் மட்டும்தான் பக்கத்துல. அன்னிக்கு நான் இந்தத் தாயைக் கூப்பிட்ட மாதிரி என் பிரசவத்துலகூட கூப்பிட்டதில்லை.

எப்படி அங்கன போய்ச் சேந்தோம்னு சொல்லணும்ல.

எங்களுக்குத் தாயில்பட்டிப் பக்கம் கரிசக்காடு. பருத்தியும் மிளகாயும் போடுவோம். சண்டைக்காலத்துல மிலிட்டரிக்காரங்க ஓட்டிக் கழிச்ச ஜீப் ஒண்ணை எங்க வீட்டுக்காரவுக மதுரையில வாங்கிட்டு வந்தாக. கதவு கிடையாது. மேல கித்தான் படுதா. ஸ்டேரிங் இடது கைப்பக்கம் இருக்கும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், அதான் அந்த வண்டியோட விசேஷம். காட்டு வேலைக்குன்னு வீட்டுல சொல்லித்தான் வாங்கினாக. ஆனா ஞாயித்துக்கிழமை வந்துட்டா போதும், தண்ணி வத்துன கண்மாய்க்குள்ள இறக்கிருவாக. கரை மேல ஏத்துவாக, இறக்குவாக. ஓடை மணல்ல விட்டு மாட்டிக்கிட்டு, திரும்ப வெளியே எடுப்பாக. புழுதி பறக்கும். தலைமுடி எல்லாம் செம்பட்டையாகித் திரும்பி வருவாக, மூஞ்சியில மட்டும் அம்புட்டுச் சந்தோசம். பொய் சொல்லக்கூடாது, எனக்கும் பிடிக்கும். முந்தானையை இறுக்கிச் செருகிக்கிட்டு நானும் ஏறிக்குவேன்.

கோதை அவுக கூடப்பிறந்த தங்கச்சி. கல்யாணம் முடிஞ்ச மறு வருஷமே புருஷன் காய்ச்சல்ல போயிட்டாக. பிள்ளை இல்லை. எங்க வீட்டுக்கே வந்துட்டா. அடுப்படி, மாட்டுக்கொட்டம், கிணத்தடி. அதைத் தாண்டி அவ போனதில்லை. நல்லது கெட்டதுக்குக் கூப்பிடவும் மாட்டாக. வாய் திறந்து அழவும் மாட்டா. அவ அப்படி இருக்கிறதைப் பாத்து எங்க வீட்டுக்காரவுகளுக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் சாயங்காலம், "ஏ கோதை, வா, ஏறு"ன்னாக. எங்க அத்தை வாசல்ல வந்து மறிச்சாக. "அறுத்துட்டு வந்தவளுக்கு என்னடா சவாரி வேண்டிக் கிடக்கு? ஊரு சிரிக்கும்டா."

"ஊரு சிரிச்சாச் சிரிக்கட்டும் ஆத்தா. இவ சிரிச்சு எம்புட்டு நாளாச்சு, அதைச் சொல்லு."

அத்தை வழியை விட்டு உள்ள போயிட்டாக.

கண்மாய்க்குள்ள கருவேல மரத்து மறைவுல வச்சு அவளுக்கு ஓட்டச் சொல்லிக்குடுத்தாக. முதல் நாள் வண்டி தவளை மாதிரி தாவித் தாவி நின்னு போச்சு. கோதை விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பெறகு ஞாயித்துக்கிழமைதோறும் அவளும் ஓட்டுனா. அதுக்கு ஒரு பலன் வேணும்னு யாரும் நினைக்கலை. அது வெறும் விளையாட்டு.

அந்தச் சித்திரையில பள்ளிக்கூடம் லீவு விட்டாக. ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடியில எங்க வீட்டுக்காரவுக சித்தப்பா மகனுக்கு மாந்தோப்பு இருக்கு. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எல்லாரும் ஜீப்புலயே போய் அங்கன தங்கினோம். கரிசக்காட்டு வெயில்ல காஞ்சவுகளுக்கு அந்த மரத்து நிழலும் வாய்க்கால் தண்ணியும் சொர்க்கம்தான். தோப்புல இருந்து மேல மலைக்குள்ள ஒரு மண்பாதை போகுது. காட்டுல கூப்பு எடுத்த, அதான் ஏலம் விட்டு மரம் வெட்டுன காலத்துல மரம் ஏத்துற லாரி போறதுக்குன்னு வெட்டுனது. கூப்பு ரோடுன்னு சொல்லுவாக. கூப்பு முடிஞ்சு லாரி போக்குவரத்து நின்னு போச்சு. புல்லு முளைச்சுக் கிடந்துச்சு. அதைப் பாத்ததும் அவுகளுக்குக் கை துறுதுறுன்னு இருந்துச்சு.

"மேல ஒரு அருவி இருக்காம். போயிட்டு வந்துரலாமா?"

பிள்ளைகளைத் தோப்புல விட்டுட்டு நாங்க மூணு பேரும் காலையில கிளம்பினோம். வழியில ஒரு காட்டாறு, அதுல கூழாங்கல்லு நனையிற அளவுக்குத்தான் தண்ணி. வண்டி கடகடன்னு தாண்டிருச்சு. அப்பறம் ஏத்தம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். கோதை முன் சீட்டுக் கம்பியைப் பிடிச்சு எழுந்து நின்னுக்கிட்டே வந்தா. காத்துல சேலை படபடன்னு அடிக்குது. "மதினி, அங்கன பாருங்க, நம்ம ஊரு அந்தப் பக்கம்தான் இருக்கும்!"னு கிழக்க கை காட்டுனா. அருவியில குளிச்சோம். கட்டிட்டுப் போன புளிச்சோத்தைத் தின்னோம். அப்படி ஒரு நாள் எங்களுக்கு வாய்ச்சதே இல்லை.

திரும்பும்போது மலை உச்சியில இடி இடிச்சுச்சு. எங்க மேல நாலு தூறல்தான் விழுந்துச்சு. மேல நல்ல மழை போலன்னு பேசிக்கிட்டே இறங்குறோம். ஒரு வளைவுல பாதையோட இடது ஓரம் அப்படியே உள்வாங்கிருச்சு. முன் சக்கரம் இறங்குனதும் வண்டி சாஞ்சுச்சு. நானும் கோதையும் வலது பக்கமாக் குதிச்சுப் புதர்ல விழுந்தோம். அவுக இடது பக்கம்லா இருந்தாக. சாயுற வண்டியை நிறுத்துற மாதிரி கால வெளிய ஊணியிருக்காக. மேலேயே வந்து விழுந்துருச்சு.

நான் எழுந்து பாக்கையில வண்டி மரத்துல சாஞ்சு கிடக்கு. இஞ்சின் உறுமிக்கிட்டு இருக்கு. கோதை ஓடிப் போய்க் கையை விட்டு இஞ்சினை அணைச்சா. அணைஞ்சதும் வந்துச்சு பாருங்க ஒரு அமைதி, அதுலதான் எனக்குப் பயமே வந்துச்சு. பெட்ரோல் சொட்டுற சத்தம் தனியாக் கேக்குது.

ரெண்டு பேரும் தோளைக் குடுத்துத் தூக்கினோம். அசையலை. கோதை ஒரு கம்பை ஒடிச்சுட்டு வந்து நெம்பினா. கம்பு முறிஞ்சுச்சு. வண்டி ஒரு விரக்கடை பள்ளத்துப் பக்கம் நகண்டுச்சு. அவுக போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.

"தொடாதீக. ரெண்டு பேரும் தொடாதீக"ன்னாக. கொஞ்ச நேரம் கழிச்சு என்னைப் பாத்து, "கிட்டம்மா, பிள்ளைகளைப் பாத்துக்கோ. கோதையைக் கைவிட்டுறாத"ன்னாக.

"அப்படிச் சொல்லாதீக"ன்னு வாயைப் பொத்தினேன். அவுக உதடு வெளிறிப் போச்சு. கை சில்லுன்னு இருந்துச்சு.

கோதை, "நான் ஓடிப் போய்த் தோப்புல ஆள் கூட்டியாறேன் மதினி"ன்னா. தோப்பு எங்கன, நாங்க எங்கன. அவ போய் ஆள் வர்றதுக்குள்ள இவுக உசிரு தாங்குமா? வழியில யானை கீனை நின்னா அவளும் போயிருவா. போன்னு சொல்ல எனக்கு நாக்கு வரலை. இருன்னு சொல்லவும் வரலை.

நான் அந்த மண்ணுலயே முட்டி போட்டேன். தாலியைக் கையில பிடிச்சுக்கிட்டேன். கண்மாய்க்கரையில இருக்கிற இந்தத் தாயை நினைச்சேன். வருஷா வருஷம் தீச்சட்டி எடுத்தவதானே நான். "தாயே மாரி, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஒரு ஆம்பளையை அனுப்பு. தோள்ல வலு இருக்கிற ஒரு ஆம்பளையை அனுப்பு. எங்க ரெண்டு பொம்பளையால ஆகாது தாயே"ன்னு கத்தினேன். மலை திருப்பிச் சொல்லுச்சு. யாரும் வரலை. மறுபடியும் கத்தினேன். தொண்டை கட்டிப் போச்சு. அப்பறம் வாயால சொல்ல முடியலை, மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே அவுக தலையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்.

அப்பத்தான் கீழ் வளைவுல இருந்து குலவைச் சத்தம் கேட்டுச்சு.

எனக்குப் பித்துப் பிடிச்சுருச்சோன்னு நினைச்சேன். காட்டுக்குள்ள குலவையா? கோதைக்கும் கேட்டுருக்கு. "இங்கன வாங்க! யாராச்சும் வாங்க!"ன்னு அலறிக்கிட்டு ஓடுனா.

பொம்பளைக வந்தாக. எல்லாம் பொம்பளைக. மஞ்சச் சேலை, தலையில பொங்கப்பானை, விறகுக்கட்டு. ஏழாயிரம்பண்ணை தீப்பெட்டிக் கம்பெனியில வேலை பாக்கிறவுக. மலைக்கோயில்ல மறுநாள் பொங்கல் வைக்கக் கூட்டமாப் போறாக. ஆம்பளைக ஆட்டுக்கிடாயோட முன்னாலேயே ஏறிட்டாக. வழக்கமா நடந்து போற ஒத்தையடிப் பாதையில யானை நிக்குதுன்னு யாரோ சொன்னாகளாம். சுத்து வழியா இருந்தாலும் பரவாயில்லைன்னு இவுக கூப்பு ரோட்டுல வந்துருக்காக.

அவுகளுக்குத் தலைவி மாதிரி ஒரு அம்மா. பேரு முத்தக்கா. பானையை இறக்கி வச்சுட்டு ஓடி வந்து குனிஞ்சு பாத்தாக. கையை நீட்டினவுக சட்டுன்னு இழுத்துக்கிட்டாக. என் கழுத்துல கிடந்த நகையைப் பாத்தாக, என் முகத்தைப் பாத்தாக.

"நாங்க தொடலாமா தாயி?"

நம்ம ஊரு நிலவரம் உங்களுக்கே தெரியும். அவுக ஆளுக எங்க காட்டுல களையெடுத்த காலத்துல கொல்லைப்பக்கம் நின்னுதான் கஞ்சி வாங்குவாக. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. "என் தாலி போகப்போகுது, தொடலாமான்னு கேக்கீகளே அக்கா. தொடுங்க. தூக்குங்க"ன்னேன்.

முத்தக்கா முந்தானையை இடுப்புல சுத்தினாக. "ஏ காளியம்மா, கல்லு கொண்டா. தூக்கத் தூக்க அடியில அண்டை குடு. நீங்க நாலு பேரு மரத்துப் பக்கம் போகாதீகடி, உருண்டா உசிரு போயிரும். எல்லாரும் இந்தப் பக்கம்." விறகுக்கட்டு கட்டியிருந்த கயிறுகளை அவுத்து முறுக்கி வண்டிச் சட்டத்துல போட்டாக. பாதிப் பேரு கயித்தைப் பிடிச்சாக. மீதிப் பேரு கையைக் குடுத்தாக. நானும் கோதையும் அவுகளோட தோளோட தோளா நின்னோம்.

ஒரு பிள்ளை குலவை போட்டுச்சு. அது முடியிற இடத்துல எல்லாரும் ஒரே தம்மா இழுத்தோம். வண்டி அசைஞ்சுச்சு. காளியம்மா கல்லைச் சொருகினாக. மறுபடி குலவை. மறுபடி இழுத்தோம். மூணாவது தரம் தூக்கினப்போ முத்தக்கா எங்க வீட்டுக்காரவுக கக்கத்துல கையைக் குடுத்து, பிள்ளையைத் தூக்குற மாதிரி வெளிய இழுத்துட்டாக. முழங்காலுக்குக் கீழ பாக்க முடியலை. ஆனா உசிரு இருந்துச்சு. "தண்ணி"ன்னாக.

கொஞ்சம் பொறுத்து வண்டியையும் நிமித்திட்டாக. நாலு சக்கரத்துல நின்னுச்சு. அதைப் பாத்து ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். ஓட்ட யாரு இருக்கா?

"நான் ஓட்டுறேன்"ன்னா கோதை.

கண்மாய்க்குள்ள ஓட்டுனவதான். மலையில ஓட்டுனதில்லை. இறக்கத்துல ஓட்டுனதில்லை. எங்க வீட்டுக்காரவுக கண்ணை மூடிக்கிட்டே, "ஓட்டுவா"ன்னாக. ஒழுகுன பெட்ரோல் மேல மண்ணை அள்ளிப் போட்டோம். டாங்கியில கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. கோதை முன்னால கம்பியைப் போட்டுச் சுத்தினா. வண்டி பிடிக்கலை. சுத்தினா, சுத்தினா, கடைசியில இருமிக்கிட்டுப் பிடிச்சுது.

முத்தக்கா விறகை வச்சுத் தன் சேலைத்தலைப்பைக் கிழிச்சுக் காலைக் கட்டினாக. தன் பொங்கப்பானையை மகள் கையில குடுத்து, "நீ போய் வையி. நான் இவுகளை விட்டுட்டு வாரேன்"ன்னு சொல்லிட்டு எங்களோட வண்டியில ஏறிட்டாக. யாரும் கேக்கலை. அவுகளா ஏறினாக.

காட்டாத்துக்கு வந்துட்டோம். மேல பேஞ்ச மழை இறங்கிருச்சு. காலையில கூழாங்கல்லு தெரிஞ்ச இடத்துல செந்தண்ணி சுழிச்சுக்கிட்டு ஓடுது. கோதை வண்டியை நிறுத்திட்டா. "மதினி, அடி தெரியலையே."

நான் மறுபடி தாயைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை ஆம்பளை கீம்பளைன்னு ஒண்ணும் சொல்லலை. கூப்பிட்டேன், அம்புட்டுதான்.

முத்தக்கா இறங்கினாக. "செத்த முன்னாலதான் இங்கன கடந்தோம். எனக்குத் தடம் தெரியும். நான் முன்னால நடக்கேன், என் முதுகைப் பாத்தே வா தாயி"ன்னு கம்பை ஊணிக்கிட்டுத் தண்ணிக்குள்ள இறங்கிட்டாக. முழங்கால், தொடை, இடுப்பு. அதுக்கு மேல ஏறலை.

என் மடியில படுத்தபடியே எங்க வீட்டுக்காரவுக பேசினாக. "கோதை, நாலு சக்கரக் கியரைப் போடு. நடுவுல காலை எடுத்துறாத. மெதுவா, ஒரே சீரா."

"சரிண்ணே."

வண்டி இறங்குச்சு. தண்ணி உள்ள வந்து என் காலை நனைச்சுச்சு. ஒரு இடத்துல பின்பக்கம் வழுக்கி இழுத்துச்சு. கோதை காலை எடுக்கவே இல்லை. முன்சக்கரம் அக்கரைக் கல்லைக் கவ்வி ஏறினப்போ அவ, "ஆத்தா!"ன்னு கத்தினா. அழுதாளா சிரிச்சாளான்னு இப்பக் கேட்டாலும் அவளுக்குத் தெரியாது.

பொழுது சாயுறதுக்குள்ள ராஜபாளையத்துல டாக்டர்கிட்ட சேத்துட்டோம். அங்கன கட்டுப் போட்டு மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினாக. காலை எடுக்கணுமோன்னு பயந்தோம். எடுக்கலை. ஆனா முழங்கால் மடங்காமப் போச்சு. இன்னிக்கும் ஊணுகோலோடதான் நடக்காக. அதையும் மறைக்காம சொல்லணும்ல. வலியில ராவும் பகலும் பல்லைக் கடிச்சிட்டுக் கிடந்த மாசங்கள் உண்டு. ஏன் தாயே முழுசாக் குணமாக்கலைன்னு நான் அழுத நாளும் உண்டு.

ஆஸ்பத்திரியில கட்டிலுக்குக் கீழ உக்காந்திருக்கும்போதுதான் எனக்கு உறைச்சுச்சு. நான் ஒரு ஆம்பளையைத்தானே கேட்டேன்? தாய் ஒத்தை ஆம்பளையைக்கூட அனுப்பலை. ஒரு கூட்டம் பொம்பளைகளை அனுப்புனா. வீட்டை விட்டு வெளிய வரக்கூடாதுன்னு நாங்க வச்சிருந்தவ கையில ஸ்டேரிங்கைக் குடுத்தா. பக்கத்துக் கட்டில் அம்மா, "என்ன தாயி தனியாச் சிரிக்கீக?"ன்னு கேட்டாக. சிரிச்சேனா, அழுதேனா, எனக்கே தெரியலை.

எங்க வீட்டுக்காரவுகளை வீட்டுக்குக் கூட்டியாந்த பெறகு நான் ஏழாயிரம்பண்ணைக்கு முத்தக்காவைத் தேடிப் போனேன். கம்பெனி விட்டு வந்து குச்சி அடுக்கிக்கிட்டு இருந்தாக. விரல்ல எல்லாம் மருந்துக்கறை. என்னைக் கண்டதும் எழுந்து நின்னுட்டாக. கையைப் பிடிச்சு உக்கார வச்சு நானும் பக்கத்துல உக்காந்தேன்.

"உங்க வேண்டுதலைப் பாதியில விட்டுட்டு எங்களோட வந்துட்டீகளே அக்கா"ன்னேன்.

"அட போங்க தாயி. அன்னிக்கு யானை நிக்குன்னு சொன்னவனை எம்புட்டு வஞ்சேன் தெரியுமா? சுத்து வழி, காலு வலின்னு உங்களைப் பாக்குற வரைக்கும் வஞ்சுக்கிட்டே வந்தேன். உங்களைப் பாத்த பெறகுதான் வாய மூடுனேன்."

அவுக வீட்டுல வச்சுக் குடுத்த கேப்பைக்கூழைக் குடிச்சேன். வீட்டுக்கு வந்து அத்தைகிட்டச் சொன்னேன். அத்தை எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாக. பெறகு, "அடுத்தவாட்டி போகும்போது நம்ம மிளகா கொஞ்சம் கொண்டு போ"ன்னாக. அறுத்தவ ஊரு சுத்துறதைப் பத்தி அப்பறம் அவுக ஒரு வார்த்தை பேசுனதில்லை.

எங்க வீட்டுக்காரவுகளுக்கு இடது கால் மடங்காததால கிளச்சு மிதிக்க முடியாது. அதனால லைசென்ஸ் எடுத்துக் கோதைதான் இப்ப வண்டி ஓட்டுறா. அவுக பக்கத்து சீட்டுல உக்காந்து, "அந்த மேட்டுல ஏத்து, இந்தப் பள்ளத்துல இறக்கு"ன்னு வாயாலேயே ஓட்டுறாக. ஞாயித்துக்கிழமை கண்மாய்க்குள்ள சுத்துறதை விடலை. எனக்கு முதல்ல பயமா இருக்கும். கண்ணை மூடிக்குவேன். இப்ப ஏறிக்கிடுதேன். சந்தோசமா இருக்கிறதைச் சாமி குத்தம்னு சொல்லலைங்கிறது எனக்கு விளங்கிருச்சு. சித்திரை வந்தா முத்தக்கா கூட்டத்தோட நாங்களும் மலைக்கோயிலுக்குப் போறோம். நான் நடந்துதான் போவேன்.

இங்கன உக்காந்திருக்கிற உங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு பாரம் இருக்கும். எனக்குத் தெரியும். பிள்ளைக்கு உடம்பு முடியாம இருக்கும். வீட்டுல வெளிய சொல்ல முடியாத துக்கம் இருக்கும். இந்தத் தாய்கிட்டச் சொல்லுங்க. சத்தம் போட்டுச் சொல்லுங்க, அழுது சொல்லுங்க. நீங்க நினைச்ச பக்கத்துல இருந்து உதவி வரலைன்னா மத்தப் பக்கமும் திரும்பிப் பாருங்க. வர்றவுக யாரு எவருன்னு பாக்காம கையைப் பிடிச்சுக்கோங்க.

நான் சொல்ல வந்தது முடிஞ்சுச்சு. இன்னும் ஒண்ணு மட்டும். பிரசவ வலின்னாலும், பூச்சி கடிச்சாலும், கம்பெனியில யாருக்காச்சும் தீக்காயம் பட்டாலும் சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிக்குத் தவிச்சு நிக்காதீக. எந்தத் தெருவா இருந்தாலும் சரி, எங்க வீட்டு வாசல்ல வந்து ஒரு சத்தம் குடுங்க. கோதை வண்டி எடுப்பா. நான் பின்னால உக்காந்து மடியில தாங்கிக்கிடுவேன்.